தண்ணீரில் சரியாகக் காட்டும் மீட்டர் ஃபர்னஸ் ஆயிலில் ஏன் தடுமாறுகிறது?

குழாயில் ஓடும் திரவத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டருக்கு விலை கேட்டால் விற்பனையாளர் ஒரு படிவம் அனுப்புவார். திரவத்தின் பெயர், பைப் அளவு, அதிகபட்ச ஓட்டம், அழுத்தம், வெப்பநிலை எல்லாம் ஒழுங்காக நிரப்பப்பட்டுவிடும். பாகுத்தன்மை, அதாவது திரவம் ஓட மறுக்கும் கெட்டித்தனம், என்ற கட்டத்தில் ஒரு கோடு விழும். அல்லது ஆயில் சப்ளையர் கொடுத்த தாளிலிருந்து ஒரே ஓர் எண் வந்து உட்காரும். 'அனுமதிக்கக்கூடிய அழுத்த இழப்பு' என்ற கட்டம் அநேகமாகக் காலி. மீட்டர் மாட்டிய பிறகு ஸ்டோர்ஸுக்கும் பாய்லர் ஹவுஸுக்கும் நடக்கும் சண்டைக்கு விதை இந்த இரண்டு கட்டங்களில்தான் இருக்கிறது.

தண்ணீர் நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது. 20 டிகிரியில் அதன் பாகுத்தன்மை 1 சென்டிபாய்ஸ், 80 டிகிரியில் 0.35 அளவு. சாதாரண ஆலை வேலையில் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. அதனால் பாகுத்தன்மை என்பது திரவத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிலையான குணம் என்று ஒரு நினைப்பு. எண்ணெய்க்கு வந்தால் இந்த நினைப்பு ஒரு நாள்கூடத் தாங்காது.

மணிக்கு 600 லிட்டர் ஃபர்னஸ் ஆயில் எரிக்கும் ஒரு பாய்லரை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 8 டன் நீராவி தரும் அளவு. எண்ணெய், ஐ.எஸ். 1593 என்ற இந்தியத் தரத்தில் எம்.வி.2 வகை. 50 டிகிரியில் 180 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் போகக்கூடாது என்பது அதற்கான வரம்பு. வரம்பின் விளிம்பில் இருக்கும் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரியில் அது சுமார் 600 சென்டிஸ்டோக்ஸ் ஆகிவிடும். 100 டிகிரியில் 25. பர்னர் நாசிலுக்கு ஏற்ற 110 டிகிரியில் 19, 120 டிகிரியில் 15. காலையில் பம்பைப் போடும்போது இருக்கும் எண்ணெயும் பத்து மணிக்கு எரியும் எண்ணெயும் பெயரில் ஒன்று, நடத்தையில் முப்பது மடங்கு வேறு. படிவத்தில் 180 என்று மட்டும் எழுதினால் இந்த இரண்டு முனையையும் சொல்லாமல் விட்டதாகிறது.

சென்டிபாய்ஸும் சென்டிஸ்டோக்ஸும் ஒன்றல்ல. சென்டிபாய்ஸை அடர்த்தியால் வகுத்தால் சென்டிஸ்டோக்ஸ். தண்ணீரில் இரண்டும் ஒரே எண்ணாக வருவதால் குழப்பம் தெரிவதில்லை. ஃபர்னஸ் ஆயிலில் அடர்த்தி 0.95 என்றால் 180 சென்டிஸ்டோக்ஸ் என்பது 171 சென்டிபாய்ஸ். அழுத்த இழப்புக் கணக்குக்குச் சென்டிபாய்ஸ் வேண்டும், ரெனால்ட்ஸ் எண்ணுக்குச் சென்டிஸ்டோக்ஸ் வேண்டும்.

முதலில் ரெனால்ட்ஸ் எண்

ஓடும் திரவத்தின் உந்துதலை அதன் பாகுத்தன்மையின் இழுவையோடு ஒப்பிடும் எண் இது. மீட்டர் வகையைத் தீர்மானிப்பது திரவத்தின் பெயரல்ல, இந்த எண்தான். கையால் போட எளிய வழி உண்டு: மணிக்கு எத்தனை லிட்டர் என்பதை 353.7-ஆல் பெருக்கி, பைப்பின் உள்விட்டத்தாலும் (மில்லிமீட்டரில்) சென்டிஸ்டோக்ஸாலும் வகுக்க வேண்டும். 25 மி.மீ. பைப்பின் உண்மையான உள்விட்டம் 26.6 மி.மீ. என்று வைத்தால், நம் 600 லிட்டர் ஓட்டத்துக்கு 50 டிகிரியில் கிடைப்பது 44. அதே பைப்பில் அதே வேகத்தில் தண்ணீர் போனால் 8,000. 110 டிகிரிக்குச் சூடாக்கினாலும் எண்ணெய்க்கு 420 தான். 2,000-க்குக் கீழே எல்லாமே அடுக்கு ஓட்டம் (திரவம் கலங்காமல் அடுக்கடுக்காக வழுக்கிப் போவது). அதாவது இந்த பைப்பில் எண்ணெய் எந்த நிலையிலும் கொந்தளிக்கப் போவதில்லை.

இந்த ஒரு கணக்கிலேயே சந்தையில் இருக்கும் பாதி மீட்டர்கள் வெளியே போய்விடுகின்றன.

வோர்டெக்ஸ் மீட்டர், ஓட்டத்தின் குறுக்கே வைத்த தடுப்பிலிருந்து உதிரும் சுழிகளை எண்ணுவது. அந்தச் சுழிகள் ஒழுங்காக உதிர வேண்டும். ரெனால்ட்ஸ் எண் 20,000-க்கு மேல் இருந்தால்தான் அறிவித்த துல்லியம். 10,000-க்குக் கீழே நம்பவே கூடாது. 44-க்கு அங்கே என்ன வேலை?

ஆரிஃபிஸ் என்பது பைப்பின் குறுக்கே வைக்கும் துளையிட்ட தகடு; இருபுற அழுத்த வேறுபாட்டிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுவார்கள். சாதாரணக் கூர்விளிம்பு ஆரிஃபிஸ் தகட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 5167 என்ற சர்வதேசத் தரம் தரும் எல்லை 5,000-லிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே போகப் போக டிஸ்சார்ஜ் குணகம் (ஏட்டுக்கணக்கு ஓட்டத்தில் உண்மையில் போகும் பங்கு) 0.6-ஐ விட்டு மேலேறி, இன்னும் கீழே போனால் திரும்ப விழுகிறது. குணகம் ஏறும் பகுதியில் மீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆரிஃபிஸைத்தான் போட்டாக வேண்டும் என்றால் கால்வட்ட விளிம்பு அல்லது கூம்பு நுழைவுத் தகடு இருக்கிறது. கூம்பு நுழைவு 80 வரைகூட இறங்கும். ஆனால் விளிம்பின் வடிவத்தைக் கச்சிதமாகக் கடைய வேண்டும், நம் எண்ணெய்க்கு அதுவும் எட்டாது.

ஓட்டம் ஒரு ரோட்டரைச் சுழற்ற, அதன் பிளேடுகள் கடப்பதைத் துடிப்புகளாக எண்ணும் டர்பைன் மீட்டரில் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. தண்ணீரில் அதிகபட்ச ஓட்டத்திலிருந்து அதன் பத்தில் ஒரு பங்கு வரை ஒரு லிட்டருக்கு இத்தனை துடிப்பு என்ற எண் அசையாமல் நிற்கும். பாகுத்தன்மை ஏறினால் இரண்டு நடக்கிறது. பிளேடுகளின் மேல் இழுவை கூடி ரோட்டர் பின்தங்குகிறது. கூடவே பைப்பில் வேகப் பரவல் மாறுகிறது: கொந்தளிப்பு ஓட்டத்தில் நடுவேகம் சராசரியைவிடச் சுமார் 1.2 மடங்கு, அடுக்கு ஓட்டத்தில் 2 மடங்கு. இந்த இரண்டும் சில இடங்களில் எதிரெதிராக இழுப்பதால் வளைகோட்டில் நடுவே ஒரு மேடு வந்து பிறகு சரிகிறது. அதனால் 'எண்ணெயில் இத்தனை சதவீதம் குறைத்துக் காட்டும், பெருக்கிக்கொள்' என்று ஒரே எண்ணில் திருத்த முடியாது. 10 சென்டிஸ்டோக்ஸிலேயே நேரான பகுதி சுருங்கத் தொடங்கிவிடும். 100-ஐத் தாண்டினால் நேர்ப்பகுதி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. முறையாகச் செய்பவர்கள் இரண்டு மூன்று பாகுத்தன்மையில் ஓட்டிப் பார்த்து, விநாடிக்கு வரும் துடிப்பைப் பாகுத்தன்மையால் வகுத்து, லிட்டருக்கான துடிப்பை அதற்கு எதிராக ஒரே வளைகோட்டில் வரைகிறார்கள். பிறகு வெப்பநிலையை அளந்து அந்த வளைகோட்டிலிருந்து திருத்தம் எடுக்கிறார்கள். விமான எரிபொருள் சோதனை மேடைக்கு இது தகும். பாய்லர் ஹவுஸில் யாரும் பராமரிக்க மாட்டார்கள்.

குழாய்க்கு வெளியே மாட்டும் அல்ட்ராசோனிக் மீட்டர் எல்லோருக்கும் பிடித்தது, பைப்பை வெட்ட வேண்டாமே. ஒலிக்கற்றை பைப்பின் விட்டம் வழியாகப் போகும். அந்தக் கோட்டில் கிடைக்கும் சராசரி வேகம், அடுக்கு ஓட்டத்தில் உண்மையான சராசரியைவிட 1.33 மடங்கு, கொந்தளிப்பில் சுமார் 1.06 மடங்கு. மீட்டரில் பாகுத்தன்மையைத் தப்பாக ஏற்றினால், அது தன்னை வேறு ஓட்டத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு 25 சதவீதம்வரை தப்புக் காட்டும். மீட்டர் பழுதே ஆகியிருக்காது. மெனுவில் 'வாட்டர்' என்று இருக்கும், அவ்வளவுதான். ரெனால்ட்ஸ் எண் 2,000-க்கும் 4,000-க்கும் நடுவே ஊசலாடும் லைனில் சரியாக ஏற்றினாலும் பயனில்லை, காட்டும் அளவு குதித்துக்கொண்டே இருக்கும். நம் லைன் 44-இல் திடமாக அடுக்கு ஓட்டத்தில் இருப்பதால் அந்தக் குதிப்பு இல்லை. ஆனால் வெளியே மாட்டும் வகைக்கு 25 மி.மீ. பைப் சிறியது, கெட்டி எண்ணெய் ஒலியையும் தின்றுவிடுகிறது.

கண்ணாடிக் குழாயில் மிதவை ஏறி நிற்கும் உயரத்தில் ஓட்டத்தைக் காட்டும் ரோட்டாமீட்டர் பற்றி ஒரு வரி: தண்ணீருக்குக் குறியிட்ட குழாயில் எண்ணெய் விட்டால், இழுவை மிதவையை மேலே தூக்கிவிடும். இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

மின்காந்த மீட்டர் பாகுத்தன்மையை மதிப்பதே இல்லை, அழுத்த இழப்பும் வெறும் பைப் அளவுதான். ஆனால் மின்கடத்தும் திரவமாக இருக்க வேண்டும். ஃபர்னஸ் ஆயில் கடத்தாது. டிஸ்டிலரியில் மொலாசஸுக்கு இதைத் தாராளமாகப் போடலாம். ஆயிரக்கணக்கான சென்டிபாய்ஸ் இருந்தாலும் கவலையில்லை, எலக்ட்ரோடில் படியும் பிசுக்கை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிஞ்சுவது இரண்டு

ஓவல் கியர் போன்ற இடப்பெயர்ச்சி மீட்டர், அதிரும் குழாய்களின் நெளிவிலிருந்து நிறையை அளக்கும் கோரியாலிஸ் மீட்டர். இந்த இரண்டிலும் பாகுத்தன்மை துல்லியத்தை அவ்வளவாகத் தொடாது. ஆனால் கணக்கை வேறு இடத்தில் தீர்த்துக்கொள்ளும்: அழுத்த இழப்பில்.

ஓவல் கியர் மீட்டர் ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட கொள்ளளவை அள்ளி மறுபக்கம் கொட்டுகிறது. பிழை எல்லாம் கியருக்கும் உறைக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாக எண்ணப்படாமல் நழுவும் எண்ணெயில் இருக்கிறது. இந்த நழுவல் அழுத்த இழப்புக்கும், இடுக்கின் அகலத்தின் மும்மடிக்கும் நேர்விகிதம், பாகுத்தன்மைக்கு எதிர்விகிதம். எண்ணெய் கெட்டியாக இருந்தால் அழுத்த இழப்பும் சேர்ந்தே ஏறுவதால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, நழுவல் சிறிய, நிலையான பங்காக அடங்கிவிடுகிறது. நீர்த்த எண்ணெயில்தான் தொல்லை. பேரிங் உராய்வை வெல்ல வேண்டிய அழுத்தம் குறைந்த ஓட்டத்திலும் இருந்துகொண்டே இருக்கும், தடுக்கப் பாகுத்தன்மையோ இல்லை. பாய்லரை டீசலில் துவக்கிப் பிறகு ஃபர்னஸ் ஆயிலுக்கு மாற்றும் இடங்களில் இதைப் பார்க்கலாம். டீசல் 40 டிகிரியில் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ் தான். ஃபர்னஸ் ஆயிலில் கச்சிதமாக இருக்கும் மீட்டர், டீசலில் குறைந்த தீயில் ஓடும்போது குறைத்துக் காட்டும். தேய்மானத்துக்கும் இதே கணக்கு: இடுக்கு இரண்டு மடங்கானால் நழுவல் எட்டு மடங்கு. பழைய மீட்டர் எப்போதும் குறைத்துக் காட்டும் பக்கமே சாயும், கூட்டிக் காட்டினால் காற்றைத் தேடுங்கள்.

இனி அழுத்தம். அடுக்கு ஓட்டத்தில் இழப்பு ஓட்டத்துக்கும் பாகுத்தன்மைக்கும் நேர்விகிதம், விட்டத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதம். நம் 25 மி.மீ. பைப்பில் 50 டிகிரியில் பத்து மீட்டருக்கு 0.23 பார் போகும். மீட்டர் 15 மி.மீ. என்பதால் பைப்பையும் 15-ஆகக் குறைத்தால், உள்விட்டம் 15.8, இழப்பு எட்டு மடங்கு, 1.86 பார். காலையில் 30 டிகிரியில் அதே லைன் 6.2 பார் கேட்கும். பம்பின் ரிலீஃப் வால்வு அதற்கு முன்பே திறந்து எண்ணெயைத் தன்னுள்ளேயே சுற்றவிட்டுவிடும். பர்னருக்கு எண்ணெய் வராது, 'மீட்டர் அடைத்துக்கொண்டது' என்று கழற்றுவார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது.

கோரியாலிஸில் இது இன்னும் கூர்மை, ஏனெனில் உள்ளே ஓட்டம் மெல்லிய குழாய்களாகப் பிரிகிறது. உதாரணத்துக்கு 8 மி.மீ. உள்விட்டம், அரை மீட்டர் நீளம் உள்ள இரண்டு குழாய்கள் என்றால், நம் ஓட்டத்துக்கு 50 டிகிரியில் 0.7 பார், 30 டிகிரியில் 2.4 பார், 110 டிகிரியில் 0.08 பார்கூட இல்லை. தண்ணீருக்கான இழப்பு வரைபடத்தை வைத்து அளவு தேர்ந்தெடுத்தால் எங்கே போய் முடியும் என்பது இதிலேயே தெரிகிறது. ஒரு அளவு பெரிதாக எடுத்தால் இழப்பு சட்டென்று விழும், குறைந்த ஓட்டத்தில் பூஜ்யப் பிழையின் (ஓட்டமே இல்லாதபோதும் மீட்டர் காட்டும் சிறு அளவின்) பங்கு கூடும். ஃபர்னஸ் ஆயிலுக்குப் பெரிதை எடுப்பதே சரி என்பது என் கட்சி: பூஜ்யத்தை லைன் நிரம்பி, வேலை வெப்பநிலையில், இருபுற வால்வும் மூடி அமைத்தால் அந்தப் பிழையை அடக்கிவிடலாம். வராத அழுத்தத்தை எங்கிருந்து கொண்டுவருவது? கப்பலில் எண்ணெய் ஏற்றும் பெரிய அளவு கோரியாலிஸ்களில் இன்னொரு சங்கதி உண்டு. ரெனால்ட்ஸ் எண் தாழ்ந்தால் அதிரும் குழாய்க்கும் எண்ணெய்க்கும் நடுவிலான இழுவையால் அளவு சிறிது குறைந்து தெரியும். தயாரிப்பாளர்கள் இதற்கான திருத்தத்தை மென்பொருளில் வைத்திருக்கிறார்கள், பாகுத்தன்மையைக் கேட்டால் சரியாகக் கொடுக்க வேண்டும்.

இடப்பெயர்ச்சி மீட்டர்களின் தாளில் பல பாகுத்தன்மைகளுக்குத் தனித்தனி இழப்புக் கோடுகள் இருக்கும். பெரும்பாலும் 1 பார் அளவில் ஒரு குறுக்குக் கோடும் இருக்கும். உங்கள் மோசமான வெப்பநிலைக்குரிய கோடு அந்தக் குறுக்குக் கோட்டை எங்கே வெட்டுகிறதோ, அதுதான் உங்களுக்கான அதிகபட்ச ஓட்டம். முகப்பில் பெரிதாக அச்சிட்ட எண் அல்ல. ஆயிரம் சென்டிபாய்ஸைத் தாண்டினால் பற்களுக்கு நடுவே இடம் விட்டுக் கடைந்த ரோட்டரைக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்த இடத்தில் மாட்டுவது

பம்புக்கு முன்னால் மாட்டவே கூடாது. சக்ஷனில், அதாவது பம்ப் உறிஞ்சும் பக்கத்தில், எண்ணெயைத் தள்ளுவது வளிமண்டல அழுத்தமும் டேங்க் உயரமும்தான். ஒரு பாரை ஒட்டிய இந்தச் சொத்தில் ஸ்ட்ரெய்னரும் (வடிகட்டும் வலை) மீட்டரும் பங்கு கேட்டால் பம்புக்கு ஒன்றும் மிஞ்சாது. எண்ணெயில் கரைந்திருக்கும் காற்று வெற்றிடத்தில் குமிழியாக வெளியே வரும். அதையும் ஓவல் கியர் எண்ணெய் என்றே எண்ணும்.

பம்புக்குப் பின், ஹீட்டருக்கு முன்னா பின்னா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஹீட்டருக்குப் பின் இழப்பு மிகக் குறைவு. ஆனால் எண்ணெய் விரிகிறது: ஒரு டிகிரிக்குச் சுமார் 0.0007 பங்கு. 30 டிகிரியில் டேங்கில் அளந்த எண்ணெய் 110 டிகிரியில் 5.6 சதவீதம் அதிகக் கொள்ளளவாகத் தெரியும். டிப் குச்சிக்கும் மீட்டருக்கும் ஆறு சதவீதம் ஒத்துவரவில்லை என்று மீட்டரைத் திருப்பி அனுப்புவதற்கு முன் இந்தப் பெருக்கலை ஒருமுறை செய்து பாருங்கள். இன்னொன்று, எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் 120 டிகிரியில் அது கொதிக்காமல் இருக்கக் கேஜ் 1 பாருக்கு மேல் காட்ட வேண்டும். அழுத்தம் அதற்குக் கீழே விழுந்தால் நீராவிக் குமிழிகள் மீட்டரைத் துரத்தும். அதனால் பம்புக்குப் பின், ஹீட்டருக்கு முன், 50-60 டிகிரி இருக்கும் இடமே பெரும்பாலான பாய்லர்களுக்குப் பொருந்தும். மீட்டருக்கு ஒரு அளவு பெரிதாக எடுத்து, நீராவி ட்ரேஸிங் (சூடு காக்கும் மெல்லிய நீராவிக் குழாய்) சுற்றி, மேலே காப்பு உறை போட வேண்டும். ட்ரேஸிங் மீட்டருக்கு மட்டுமல்ல, ஸ்ட்ரெய்னருக்கும் வேண்டும். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

இந்தக் குமிழி விஷயம் எண்ணெயைவிடச் சூடான தண்ணீரில் பெரிய தலைவலி. டர்பைன் மீட்டருக்குப் பின்னால் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தத்துக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் விதி ஒன்று உண்டு: இழப்பின் 2 மடங்கும் ஆவியழுத்தத்தின் (அந்த வெப்பநிலையில் திரவம் கொதிக்கத் தொடங்கும் அழுத்தம்) 1.25 மடங்கும் கூட்ட வேண்டும். பாய்லர் தண்ணீரிலிருந்து காற்றை நீக்கும் டீஏரேட்டரிலிருந்து 105 டிகிரியில் வரும் தண்ணீரின் ஆவியழுத்தம் 1.21 பார், மீட்டர் இழப்பு 0.3 பார் என்றால், தேவை 2.1 பார். அதாவது வளிமண்டல அழுத்தத்தைக் கழித்தால் கேஜில் 1.1. இந்த லைனிலும் மீட்டரின் இடம் பம்புக்குப் பின்னால்தான்.

எரியாத எண்ணெயைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைன் உள்ள பர்னரில் இரண்டு மீட்டர் போட்டுக் கழிப்பது வழக்கம். போவது 1,000 லிட்டர், திரும்புவது 800, எரிந்தது 200. இரண்டு மீட்டரும் அரை சதவீதம் துல்லியம் என்றால் பிழை 5-ம் 4-ம். எதிரெதிராக விழுந்தால் 9 லிட்டர். எரிந்த 200-இல் அது 4.5 சதவீதம். திரும்பும் எண்ணெய் 10 டிகிரி ஆறியிருந்தால் 800-இல் 5.6 லிட்டர் சுருங்கி, அது எரிந்த கணக்கில் போய்ச் சேரும், இன்னும் 2.8 சதவீதம். பணம் இருந்தால் இங்கே நிறையை அளக்கும் கோரியாலிஸ் ஜோடி போட வேண்டும். இல்லையென்றால் ரிட்டர்னை டேங்குக்கு விடாமல், மீட்டருக்குப் பின்னால் ஒரு சிறு கலத்தில் சேர்த்துச் சுற்றவிட்டு, புதிதாக உள்ளே வருவதை மட்டும் ஒரே மீட்டரில் அளக்கலாம். அந்தக் கலத்துக்குக் காற்று வெளியேற்றி கட்டாயம்.

பம்ப் மின்செலவைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. நம் லைனில் 1 பார் இழப்பு என்பது 17 வாட், மறந்துவிடலாம். மணிக்கு 100 கனமீட்டர் ஓடும் லைனில் அரை பார் என்றால், 60 சதவீதத் திறனுள்ள பம்பில் 2.3 கிலோவாட், 8,000 மணி நேரத்துக்கு 18,500 யூனிட். அங்கே ஆரிஃபிஸின் நிரந்தர இழப்பைக் கணக்குப் பார்க்கலாம், துளை விட்டம் பைப் விட்டத்தில் 0.6 பங்கான தகட்டில், காட்டும் வேறுபாட்டழுத்தத்தில் சுமார் 60 சதவீதம் திரும்பி வராது.

குளிர்ந்த லைனைத் துவக்கும்போது மீட்டரைப் பைபாஸ் செய்து எண்ணெயைச் சுற்றவிட வேண்டும். வெப்பநிலை 45-ஐத் தாண்டியதும் மீட்டரின் நுழைவு வால்வை மெதுவாகத் திறந்து, பிறகு வெளி வால்வு, கடைசியாகப் பைபாஸை மூட வேண்டும். அடைப்பு எடுக்க நீராவி ஊதும் பழக்கம் ஓவல் கியருக்கு எமன்: ரோட்டர் வெறித்தனமாகச் சுழலும், உறையைவிட வேகமாக விரிந்து பிடித்துக்கொள்ளும்.

ஸ்ட்ரெய்னருக்கு முன், மீட்டருக்கு முன், மீட்டருக்குப் பின் என மூன்று கேஜ்கள் போதும். புதிதாக மாட்டிய வாரத்தில் 50, 55, 60 டிகிரியில் மூன்று கேஜையும் குறித்து வைக்க வேண்டும். பின்னாளில் அதே வெப்பநிலையில், அதே ஓட்டத்தில் முதல் இரண்டின் வித்தியாசம் கூடினால் வலை அடைப்பு. கடைசி இரண்டின் வித்தியாசம் கூடினால் பேரிங் அல்லது பிசின். வெப்பநிலையைக் குறிக்காத கேஜ் பதிவு எதற்கும் உதவாது; ஐந்து டிகிரி குறைந்தாலே இழப்பு கால் பங்குக்கு மேல் ஏறிவிடும்.

மீட்டரைச் சோதிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினால் தண்ணீரில் ஓட்டாமல், வேலை வெப்பநிலையின் பாகுத்தன்மைக்கு நெருக்கமான எண்ணெயில் ஓட்டச் சொல்லி ஆர்டரிலேயே எழுத வேண்டும். இடத்திலேயே பார்க்க டே டேங்க் (அன்றாடத் தேவைக்குப் பாய்லர் பக்கத்தில் வைக்கும் சிறு டேங்க்) இருக்கிறது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பரப்புள்ள டேங்கில், நிரப்பு வால்வை மூடி ஒரு மணி நேரம் ஓட்டினால் மட்டம் 600 மி.மீ. இறங்கும். தொடக்கத்திலும் முடிவிலும் 2 மி.மீ. தவறாகப் படித்தாலும் பிழை 0.7 சதவீதத்துக்குள் நிற்கும். டேங்க் வெப்பநிலையையும் மீட்டர் வெப்பநிலையையும் குறித்து, வித்தியாசத்தை 0.0007-ஆல் பெருக்கித் திருத்திய பிறகு ஒப்பிட வேண்டும். ரிட்டர்ன் எண்ணெய் அதே டேங்கில் விழுந்தால் மட்டம் காட்டுவது எரிந்ததை மட்டும்தான். போகும் மீட்டரோடு அதை ஒப்பிட முடியாது.